பிளாஷ் வெளிச்சமும் பயிர் நோய்ப் படங்களும்
சொற்பச் செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க ஒளித்திரைகள்

பயிரில் தோன்றிய நோயை நிபுணர் நேரில் வந்து பார்ப்பதற்கு முன், அந்நோயின் படம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் காலம் இது. அழகர்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், மேலூர்ப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன வயல்களிலும் குடியானவர்கள் பலர், இலையிலோ தண்டிலோ மொட்டிலோ மாறுதல் கண்டவுடன் கைபேசியில் படம் பிடித்து அனுப்புகின்றனர். வேளாண்மை உதவி அலுவலர்களுக்கும், யானைமலையை அடுத்து 1965ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் மதுரை வேளாண்மைக் கல்லூரிக்கும் இவ்விதம் வரும் படங்கள் அநேகம். படம் தெளிவாயிருப்பின் யோசனையும் தெளிவாயிருக்கும். படத்தில் இலையின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு மாத்திரம் பளிச்சென்று தெரியுமாயின், எவ்வளவு கற்றவராயினும் அதைக் கொண்டு நோயின் பெயரைச் சொல்வதற்கில்லை. தவறாக ஊகித்து வாங்கிய மருந்துக்குக் கொடுத்த பணம் நஷ்டமாவதோடு, நோய் பரவுவதற்குச் சில தினங்களும் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன.

இக்குற்றத்துக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது கருவியிலேயே பொருத்தப்பட்ட பிளாஷ் விளக்கு. அதனை நீக்கிவிடவும் இயலாது. உள்ளபடியே உபயோகிப்பதும் நன்றன்று. அவ்வெளிச்சத்தைப் பதப்படுத்தி உபயோகிக்கும் முறை ஒன்றுண்டு. அதற்கு வேண்டிய சாமான்கள் வீட்டிலும் எழுதுபொருள் கடையிலும் கிடைப்பவையே.

பிளாஷ் எப்போது அவசியமாகிறது

பகல் வெளிச்சம் போதுமான இடத்தில் பிளாஷைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் நமது பக்கத்துச் சாகுபடியில் பகல் வெளிச்சம் எட்டாத சந்தர்ப்பங்கள் சில உண்டு.

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டாக இருக்கும்போதே, சூரிய உதயத்துக்கு முன் பறிக்கப்படுவது. பறிப்பவர் நெற்றி விளக்கின் ஒளியில் பறிக்கிறார். பழுதுபட்ட மொட்டு கண்ணில் படுவதும் அந்நேரத்தில்தான். மொட்டுப்புழு தாக்கிய மொட்டிலும், மொட்டு ஈ தாக்கிய மொட்டிலும் ஊதா நிறம் படர்வது உண்டு. புழு தாக்கியதில் துளையும், சில சமயம் மொட்டுகளைப் பிணைக்கும் நூலாம்படையும் காணப்படும். ஈ தாக்கியதில் மொட்டின் அடிப்பாகம் பருத்து, வளர்ச்சி குன்றி, பின்னர் மொட்டு காயும். இவ்விரண்டையும் பிரித்தறிய, துளையா, பருமனா, ஊதா நிறம் எவ்விடத்தில் தொடங்குகிறது என்பன படத்தில் தெரியவேண்டும். வெண்மையான மொட்டின்மேல் பிளாஷ் நேரே விழுந்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது. மொட்டு முழுவதும் சுண்ணாம்புக் கட்டி போல் வெளுத்துத் தோன்றும்.

நெல்லில் புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூடும் பூச்சி. பயிர் நெருங்கி நிற்கையில் நடுப்பகலிலும் அவ்விடம் இருட்டே. மேலும், ஆலங்கட்டி மழை போன்று தனி வயல்களுக்கு நேரும் சேதத்தை, 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். சேதம் அந்தி வேளையில் நேர்ந்தால் விடியும்வரை காத்திராமல் படம் பிடிக்க விரும்புவோர் உண்டு.

வெள்ளைத் திட்டு உண்டாகும் விதம்

நெல் இலையின் மேற்பரப்பில் மணற்சத்தும் மெழுகுப் பூச்சும் இருக்கின்றன. வாழையிலையும் மெழுகுப் பூச்சு உடையதே. பனித்துளி படிந்துவிட்டாலோ எவ்விலையும் கண்ணாடிக்கு ஒப்பாகும். கண்ணாடியில் பட்ட ஒளி, வந்த சாய்வுக்கு ஈடான சாய்வில் திரும்பும் என்பது பள்ளிப் பாடம். கைபேசியில் பிளாஷ் விளக்கு லென்ஸை ஒட்டியே இருப்பதால், கருவிக்கு நேர்முகமாக நிற்கும் இலையில் பட்ட ஒளி நேரே லென்ஸுக்குள் திரும்பி வந்துவிடுகிறது. அதுவே வெள்ளைத் திட்டு.

குலைநோயில் புள்ளி கதிர் வடிவாய், நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்டிருக்கும். பழுப்புப் புள்ளி நோயில் அது வட்டமாகவோ முட்டை வடிவமாகவோ இருக்கும். பாக்டீரியா இலைக்கருகலில் இலையின் நுனியிலிருந்து ஓரமாக, அலையலையான விளிம்புடன் வைக்கோல் நிறக் கருகல் இறங்கும். முதல் இரண்டும் பூஞ்சாண நோய்கள், மூன்றாவது அவ்வகையன்று, பூஞ்சாணக் கொல்லிகளால் அது அடங்காது. வடிவமும் நிறமுமே இவற்றை வேறுபடுத்தும் அடையாளங்கள் ஆகையால், வெள்ளைத் திட்டு அவ்விரண்டையும் ஒருங்கே அழித்துவிடுவது சாமானியமான நஷ்டமன்று.

குறைப்பது வேறு, மென்மையாக்குவது வேறு

பிளாஷ் உறைப்பாக இருக்கிறதென்று கண்டவர்கள் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் பார்க்கின்றனர். வெளிச்சம் குறைகிறது, திட்டு போவதில்லை. ஒளியின் உறைப்பு அதன் அளவினால் மட்டும் உண்டாவதன்று. ஒளி புறப்படும் இடத்தின் அகலமே அதில் முக்கியமானது. இதை நன்கு மனத்தில் இருத்திக்கொண்டால் எஞ்சிய யாவும் எளிது.

குடியானவர் எவரும் இதனைத் தம் வயலில் கண்டே இருக்கிறார். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் வரப்பின்மேல் நட்ட கோலின் நிழல் கத்தியால் அறுத்ததுபோல் விழுகிறது. சூரியன் எவ்வளவு பெரிதாயினும் நம் கண்ணுக்கு வானத்தில் அரைப் பாகை அகலமே உள்ள சிறு வட்டம். ஐப்பசியில் அழகர்மலையின்மேல் மேகம் கவிந்து வானம் முழுவதும் மூடிக்கொண்டால் அதே கோலுக்கு நிழலே விழுவதில்லை. அப்போது ஒளி வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. மேகம் வெளிச்சத்தைக் குறைத்தது மெய். ஆயினும் நிழலை அழித்தது, ஒளி வரும் பரப்பை அது அகலமாக்கியதே.

இன்னோர் உதாரணம் நாற்றங்காலில் கிடைக்கும். நிழல்வலை வெயிலில் ஒரு பங்கைத் தடுத்துவிடும்; கண்களின் வழியே இறங்கும் வெயில் மாத்திரம் வெயிலாகவே இறங்கும். பால் வெண்மையான பாலித்தீன் கூரையோ உள்ளே வரும் ஒளியைச் சிதறடித்துப் பரப்புகிறது. பிளாஷின்மேல் ஒட்டிய துண்டுக் காகிதம் நிழல்வலையின் வேலையைத்தான் செய்யும். நமக்கு வேண்டியது வெண்மையான கூரை.

இவ்வகலம் பொருளின் தூரத்தைப் பொறுத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 15 செ.மீ. அகலமுள்ள ஒரு வெண்திரை, 20 செ.மீ. தூரத்திலுள்ள இலைக்கு வானம்போல் விரிந்து தோன்றும். அதே திரை 2 மீட்டர் அப்பால் நிற்கும் மனிதருக்கு வெறும் விளக்காகவே தோன்றும். ஆகையால் திரை பெரிதாகவும் பொருளுக்கு அருகிலும் இருத்தல் வேண்டும். திரை குடித்துவிடும் ஒளிக்கும் இதுவே ஈடு செய்யும். திரையில்லாத சிறு விளக்கின் ஒளி, தூரம் இருமடங்கானால் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்ற கணக்கை எண்ணிப் பார்த்தால் நெருங்கிப் பிடிப்பதன் லாபம் விளங்கும்.

இம்முறை புதிதன்று. மின்விளக்கு பரவாத நாளில் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் கண்ணாடிக் கூரை வேய்ந்து, அதன் கீழே வெள்ளைத் துணித் திரைகளை இழுத்தும் விலக்கியும் வெயிலைப் பதப்படுத்தினர். 1887ஆம் ஆண்டு ஜெர்மனியில் மெக்னீசியம் கலந்த பிளாஷ் தூள் வெளிவந்தது. புகையும் தீவிபத்தும் அதனுடன் வந்தன. பின்னர் 1929ஆம் ஆண்டையொட்டிக் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பும், 1930களில் அமெரிக்காவில் ஹரால்ட் எட்ஜர்டன் என்பவரின் முயற்சியால் மின்சாரப் பிளாஷும் வழக்கத்திற்கு வந்தன. விளக்கு மாறியபோதெல்லாம் வெண்திரையும் கூடவே வந்திருக்கிறது. கடையில் விற்கும் சாதனத்தைத்தான் நம்பவேண்டும் என்பதும் இல்லை. வனவிலங்குகளைப் படம் பிடிப்பதில் பெயர்பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த கேமராவைக் கொண்டு வேலை செய்தவர்.

முதலாவது: கைபேசிக்கு வெண்குழல்

இலை, மொட்டு, காய் முதலிய சிறு பொருள்களுக்கு இது ஏற்றது.

1. கெட்டியான வெள்ளைச் சார்ட் காகிதத்தில் 50 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டு வெட்டுக. அதை வளைத்து, ஓரங்களை 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால், சுமார் 15 செ.மீ. குறுக்களவும் 15 செ.மீ. உயரமும் உள்ள குழல் அமையும்.

2. குழலின் அடிவிளிம்பில் எதிரெதிராக இரண்டு பிளவுகள் வெட்டுக. இலையைச் செடியிலிருந்து பறிக்காமலே இப்பிளவுகளின் வழியே குழலுக்குள் செலுத்தலாம். மல்லிகைக் கொத்திற்கு ஒரு பிளவே போதும்.

3. டிரேசிங் பேப்பர் அல்லது பலகாரக் கடையில் உபயோகிக்கும் பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து, பிளாஷ் விளக்கின்மேல் மட்டும் படும்படி ஒட்டுக. லென்ஸின்மேல் அணுவளவும் படலாகாது.

4. கைபேசியைக் குழலின் மேல்வாயில் வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கும் நிலையில் படம் பிடிக்க.

மேலே குறைகூறிய துண்டுக் காகிதத்தை இங்கே உபயோகிப்பானேன் என்று கேட்கலாம். நேரே பாயும் ஒளியை அது பக்கவாட்டில் சிதறடிக்கிறது. திறந்த வெளியில் அவ்வொளி வீணாகும். குழலுக்குள்ளோ அது வெண்சுவரில் பட்டுத் திரும்பி, சுவர் முழுவதையும் விளக்காக்கிவிடுகிறது. காகிதமும் சுவரும் சேர்ந்தே பயன் தரும். தனித்தனியே தருவது சொற்பம். குழல் காற்றையும் தடுப்பதால் மொட்டு ஆடாமல் நிற்பது இதில் ஓர் உபரி லாபம்.

இரண்டாவது: கேமராவுக்கு வெண்தட்டு

கேமராவின் தலையில் எழும்பி நிற்கும் பிளாஷ் உடையவர்களுக்கு இது உதவும். மின்சாதனப் பெட்டிகளில் பொருளைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள் இதற்கு மிகவும் ஏற்றது. இல்லையேல் சட்டத்தில் ஒட்டிய டிரேசிங் பேப்பர் போதும். 25 செ.மீ. சதுரமாக வெட்டி, நடுவிற்குச் சற்றுக் கீழே லென்ஸ் குழாய் இறுக்கமாக நுழையும் அளவு துவாரம் செய்து, லென்ஸின் முன் விளிம்பை ஒட்டி மாட்டுக. பிளாஷின் ஒளி தட்டின் மேற்பாதியில் பரவி, இலையின்மேல் ஒரு வெண்கூரைபோல் விழும். பிளாஷுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள வெளியே ஒளி அகலிப்பதற்கு இடம் தருகிறது; ஆகையால் தட்டைப் பிளாஷோடு ஒட்ட வைத்தல் கூடாது. பொருள் 20 முதல் 30 செ.மீ. தூரத்திற்குள் இருப்பது நன்று.

மூன்றாவது: இரண்டாம் கைபேசியும் வெண்திரையும்

புகையானைத் தேடித் தூரடியில் படம் பிடிக்கக் குழலும் தட்டும் நுழையா. மேலும் அங்கே தேங்கிய நீரே கண்ணாடியாகி, பிளாஷைத் திருப்பி அனுப்பும். இவ்விடத்தில் கருவியின் பிளாஷை அணைத்துவிட்டு, மற்றொருவர் கையிலுள்ள கைபேசியின் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து காட்டச் செய்வதே முறை. மூங்கில் பிளாச்சினாலோ அட்டையினாலோ 20 செ.மீ. சதுரச் சட்டம் செய்து, அதில் டிரேசிங் பேப்பரையோ வெள்ளை மல் துணியையோ இழுத்துக் கட்டுக. டார்ச்சைச் சட்டத்திற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் திரை முழுவதும் ஒளி பரவும். எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தால் நிழல் விழும் பக்கமும் தெளிவு பெறும்.

மூன்றும் சேர்ந்து செலவு மிகச் சொற்பமே. மழையில் நனைந்தால் மறுபடி செய்துகொள்வதில் வருத்தமில்லை.

செய்த திரையைச் சோதிக்கும் விதம்

ஓர் எவர்சில்வர் கரண்டியின் முதுகைத் திரையில்லாமல் ஒருமுறையும் திரையுடன் ஒருமுறையும் படம் பிடிக்க. முதற் படத்தில் கரண்டியின்மேல் ஊசிமுனைபோல் ஒரு வெண்புள்ளி தெரியும். இரண்டாவதில் அது பரந்து மங்கிய வெண்மையாகத் தெரியுமாயின் திரை சரியாக வேலை செய்கிறது. புள்ளி சிறிதாகவே இருந்து மங்கல் மட்டும் உண்டாகியிருப்பின், ஒளியைக் குறைத்திருக்கிறோமே அன்றி மென்மையாக்கவில்லை என்று அறிக.

கவனிக்க வேண்டியவை

திரைக்குக் கலப்பற்ற வெண்மை அவசியம். மஞ்சளித்த காகிதமும், அச்சிட்ட பால் பாக்கெட்டும், நீலம் மிகுதியாகத் தோய்ந்த வேட்டியும் தத்தம் சாயலைப் படத்தில் ஏற்றும். பயிரின் சத்துக் குறைபாட்டை இலையின் நிறத்தைக் கொண்டே மதிப்பிடுவதால் இது சிறு விஷயமன்று. இலையின் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தையும் சேர்த்துப் படம் பிடித்தால், பார்ப்பவர் நிறத்தைச் சரிபார்த்துக்கொள்வார்.

லென்ஸில் கைரேகையோ மருந்துத் துளியோ படிந்திருப்பின் எவ்விதத் திரையும் பயன்படாது, முதலில் துடைக்கவேண்டும். இலையை நேர்முகமாகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் எஞ்சிய பளபளப்பும் விலகும்.

கேமராவின் பிளாஷ் முழுச் சக்தியில் அடுத்தடுத்து எரியும்போது சூடேறும். காகிதத்தையோ துணியையோ அதன் முகத்தோடு அழுத்திக் கட்டுவது ஆபத்து. கைபேசி டார்ச்சையும் நெடுநேரம் எரியவிட்டு மூடிவைக்கலாகாது.

நோய் விசாரிக்கப் படம் அனுப்புவோர் ஒரு படத்தோடு நிறுத்தாமல், வயலின் தோற்றம், முழுச் செடி, நோய்ப்பட்ட பாகம் என மூன்றாக அனுப்புவது நலம். முதலிரண்டும் பகலொளியில், பிளாஷ் இன்றிப் பிடிக்கத்தக்கவை.

கிராம அதிகாரிகளுக்கு

உதவித்தொகை கோருவோரின் முகத்தையும், பட்டா முதலிய பத்திரங்களையும் படம் பிடிக்கும் கடமை கிராம நிர்வாக அலுவலர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. முதியவர் நெற்றியிலும் மூக்குக்கண்ணாடியிலும் பிளாஷ் பளபளத்து முகத்தின் அடையாளத்தையே மறைத்துவிடும். முன்னர்க் கூறியபடி சிறு திரைகள் இவ்வளவு தூரத்தில் உதவா. திண்ணை நிழலில், வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காரவைத்து, பிளாஷ் இல்லாமல் பிடிப்பதே உத்தமம். இருட்டான வீட்டில் வேறு வழியில்லையெனில், ஒருவர் பக்கத்தில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க, மற்றொருவர் டார்ச்சை அதன்மேல் அடித்தால், திரும்பி வரும் ஒளி முகத்தில் இதமாக விழும்.

பிளாஸ்டிக் உறையிட்ட பத்திரத்தை உறையிலிருந்து எடுக்கக்கூடுமாயின் எடுத்து, ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பிடிக்கவேண்டும். பத்திரத்திற்குப் பிளாஷ் எவ்வகையிலும் ஒவ்வாது.

கல்வெட்டுகளுக்கு இம்முறை ஆகாது

திரையினால் எல்லாம் ஆகும் என்று எண்ணுதலும் கூடாது. அழகர்மலையில் கிடாரிப்பட்டியை ஒட்டியுள்ள குகைத்தளத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. குகைக்குத் தானம் செய்தோரில் உப்பு வணிகரும் அறுவை வணிகரும் இருக்கின்றனர். ஏரில் பூட்டும் கொழு விற்றவரும் இருக்கிறார் என்பது நம்மவர்க்கு விசேஷமாகத் தோன்றும். இவ்வெழுத்துகளை முன்னின்று அடிக்கும் பிளாஷினால் படம் பிடித்தால், திரையிட்டாலும் இடாவிட்டாலும் பாறை வெறும் பாறையாகவே தோன்றும். வெட்டிய எழுத்து தெரிவது அதன் பள்ளத்தில் விழும் நிழலினால். அதற்குத் திரையற்ற டார்ச்சைப் பாறையை ஒட்டியவாறு பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். ஊரில் புதிதாகக் கல்வெட்டு எதுவும் காணக்கிடைத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கும் கிராம அதிகாரி இதை நினைவில் வைத்தல் நலம். எழுத்தின்மேல் சுண்ணாம்போ சாக்குக்கட்டியோ பூசித் தெளிவாக்க முயலவே கூடாது.

நிறமும் புள்ளியும் தெரியவேண்டிய இடத்தில் அகன்ற மென்மையான ஒளி. மேடு பள்ளம் தெரியவேண்டிய இடத்தில் பக்கத்திலிருந்து வரும் குறுகிய ஒளி. இவ்வளவே இதன் சாரம்.

பருவம் தொடங்குமுன் ஓய்வான ஒரு மாலையில் வெண்குழல் ஒன்றைச் செய்து, வீட்டுக் கொல்லையிலுள்ள ஏதேனும் ஒரு செடியின் இலையில் பழகிப் பார்த்துக்கொள்வது நல்லது. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் இவ்வேலையைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வர், அவர்களிடமே ஒப்படைக்கலாம். நோய் கண்ட அன்று காகிதமும் கத்தரியும் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. குழல் மருந்துத் தெளிப்பானுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன் அதைக் கையில் எடுப்பது வழக்கமாகட்டும்.